குடிபெயரும் வலைப்பூக்கள்

தேவதானம் என்னும் எம்மூர்ப் பெயர் தெய்வத்துக்கு விடப்பட்ட நிலத்தைக் குறிக்கும். அந்நிலத்தில் உழுவோர் வேறு, உரிமை வேறு. பிளாகர் முதலிய தளங்களில் எழுதும் தமிழர் நிலையும் அன்னதே. இடம் இலவசம், சொந்தப் பெயர் வாங்கி இணைத்தாலன்றி முகவரி தளத்தாருடையது.

அமெரிக்க இணைய இதழாகிய தி ஆல் 2016-இல் மீடியம் தளத்திற் குடிபுகுந்தது. 2017 ஜனவரியில் அத்தளத்தார் விளம்பர வருவாய் முறையைக் கைவிடவே, அவ்வாண்டே வெளியேறிற்று. முகவரி தன் பெயராலேயே இருந்தமையின் வாசகர் அதனைப் பழைய வாயிலிலேயே கண்டனர். 2009 அக்டோபரில் யாஹூவின் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது, படியெடுத்து வையாத பக்கங்களோ மாய்ந்தன!

பெயர்ச்சியில் எழுத்தினும் முகவரியே அரிதென்பது யாம் துணிந்தது. எழுத்தை மறுமொழிகளோடு பிளாகரிலிருந்து இறக்கிக்கொள்ளலாம். பிறர் தம் கட்டுரைகளில் இட்ட சுட்டிகளோ பழைய வாயிலையே காட்டி நிற்கும்.