பதினொன்றாம் வகுப்பில் சேருமுன்

டி. கல்லுப்பட்டி

அன்புள்ள குழந்தாய்,

பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்களோடு தேறிய கையோடு, வைத்தியம் படித்தே தீருவது என்று நீயும், அதற்காக உன்னை நாமக்கல் பக்கத்து உறைவிடப் பள்ளி ஒன்றில் சேர்த்துவிடுவது என்று உன் தகப்பனாரும் உறுதி கொண்டிருப்பதாக எழுதி, என் அபிப்பிராயத்தைக் கேட்டிருக்கிறாய். உன் ஆசை உத்தமமானது. அதை அடையும் மார்க்கத்தைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

அமெரிக்காவில் பள்ளி முடித்த பிள்ளைகளில் பெரும்பாலோர் நேரே வைத்தியக் கல்லூரிக்குள் நுழைய இயலாது. பெர்க்கிலி போன்ற பெரிய அரசாங்கச் சர்வகலாசாலையில் தனக்கு உவப்பான ஒரு துறையில் நான்கு ஆண்டுகள் படித்துக்கொண்டே, நூற்றுக்கணக்கானோர் அமர்ந்து கேட்கும் ரசாயன வகுப்பிலும் பௌதிக வகுப்பிலும் பிறரோடு போட்டியிட்டுத் தேர்ந்து, அதன் பின்னரே பிரவேசப் பரீட்சை எழுத வேண்டும். அங்கும் இடம் கிட்டாமல் திரும்புகிறவர்கள் மிகப் பலர். ஆனால் அவர்கள் கையில் ஒரு பட்டமாவது மிஞ்சுகிறது. நம் நாட்டிலோ, பி.யு.சி. இருந்த காலத்திலும் சரி, 1978இல் மேல்நிலை வகுப்புகள் வந்த பின்னும் சரி, வைத்தியப் படிப்பா வேறு படிப்பா என்ற தீர்மானத்தின் பாரம் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளையின் தலைமேல், 'எந்த குரூப்?' என்ற ஒரே கேள்வியாக வந்து விழுகிறது.

இங்கே வைத்தியக் கல்லூரிக்கான பிரவேசப் பரீட்சையான நீட் தேர்வில் 180 கேள்விகள், 720 மதிப்பெண்கள். அவற்றுள் சரிபாதி உயிரியல். சரியான விடைக்கு நான்கு கிடைக்கும். தவறான விடைக்கு ஒன்று கழியும். பதினொன்றாம் வகுப்புப் பாடங்களிலிருந்தும் கேள்விகள் வருகின்றன என்பதை நன்றாக மனத்தில் இருத்திக்கொள். அந்த வகுப்பின் பாடங்களை ஒதுக்கிவிட்டு, இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்பையே உருப்போட வைக்கும் வழக்கம் உறைவிடப் பள்ளிகள் பலவற்றில் நெடுங்காலம் இருந்தது. அவ்விதம் பயின்ற பிள்ளைகள் இப்பரீட்சையில் திண்டாடிப்போனதில் ஆச்சரியம் இல்லை.

அதைவிட முக்கியமானது வேறொன்று. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட் தேறியவர்களுக்கு, நீதிபதி கலையரசன் குழுவின் பரிந்துரையை ஒட்டி, வைத்தியக் கல்லூரி இடங்களில் 7.5 சதவிகித உள் ஒதுக்கீட்டைத் தமிழ்நாடு அரசு 2020இல் சட்டமாக்கியது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் அரசுப் பள்ளியிலிருந்து விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே உள்ளே சென்றார்கள். அந்தச் சட்டத்துக்குப் பிறகு நூற்றுக்கணக்கில் செல்கிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்துவரும் நீ, இப்போது தனியார் பள்ளிக்கு மாறினால் அந்த உரிமையை உன் கையாலேயே விட்டவள் ஆவாய். லட்சக்கணக்கில் பணம் கட்டி ஓர் உரிமையைத் தொலைப்பது எந்த வகையில் விவேகம்?

குரூப்பைப் பற்றி என் யோசனை இது: கணிதத்தோடு சேர்ந்த உயிரியல் பிரிவையே எடு. மானாவாரிக் கரிசலில் பருத்தியை மட்டும் நம்பாமல் ஊடே உளுந்தும் பாசியும் விதைக்கிற நம் சம்சாரிகளின் புத்தி அது. கணிதம் கையில் இருந்தால் பொறியியல் கதவும் திறந்திருக்கும். உயிரியல் இருப்பதால் நர்சிங், கால்நடை மருத்துவம், மதுரை ஒத்தக்கடையில் 1965 முதல் நடந்துவரும் விவசாயக் கல்லூரி ஆகியவற்றின் வழியும் அடைபடாது. முதல் முறை நீட் தவறினால் இன்னும் ஒரு முறை எழுது. அதற்கு மேல் வேண்டாம். இந்த எல்லையை இன்றே, மனம் தெளிவாக இருக்கும்போதே வகுத்துக்கொள். தோல்வியின் துக்கத்தில் இருக்கும்போது 'இன்னும் ஒரே ஒரு வருஷம்' என்ற குரலை மறுக்கும் வலிமை எவருக்கும் இருப்பதில்லை.

நம் ஊர் காந்திநிகேதன் ஆசிரமத்தில் கடைசிக் காலத்தைக் கழித்த ஜே. சி. குமரப்பா, லண்டனில் கணக்காய்வு பயின்று பம்பாயில் ஆடிட்டராக இருந்தவர். 1927இல் அமெரிக்கா சென்று மறுபடியும் மாணவராகிப் பொருளாதாரம் கற்று, பின்பு காந்தியடிகளோடு சேர்ந்து கிராமக் கைத்தொழில்களுக்காகவே வாழ்ந்தார். முப்பத்தைந்து வயதிலும் ஒரு மனிதர் தம் பாதையை மாற்றிக்கொள்ள முடிந்தது என்றால், பதினேழு வயதில் ஒரு பரீட்சை உன் ஜீவியத்தை முடித்துவைக்க முடியாது.

இன்னொன்றும் செய். ஒரு நாள் காலையில், அனுமதி கேட்டுக்கொண்டு, அரசு ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிகள் வரிசைக்கு அருகே உட்கார். சர்க்கரை வியாதிக்காரர் ஒருவரின் கால் புண்ணில் ஒட்டிக் காய்ந்துபோன கட்டுத் துணியை நனைத்து நனைத்துப் பிரித்தெடுத்து, சீழைத் துடைத்து, மறுபடியும் கட்டும் வரை முகத்தைத் திருப்பாமல் பார். வைத்தியரின் அன்றாட உழைப்பு அதுதான். அது உனக்குச் சம்மதமா என்பதை நீட் மதிப்பெண் சொல்லாது.

டி.சி. வாங்குவதற்கு முன் இந்தக் கடிதத்தை அப்பாவிடமும் படித்துக் காட்டு. அவசரப்பட வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டதாகச் சொல்.

உன் அன்புள்ள
மாமா