முகத்துக்குப் பொடி பூசலாம்... சிவப்பாக அல்ல, சுத்தமாக!

— 9-ஆம் வகுப்பு மாணவி



“அகத்தின் அழகு முகத்தில் தெரியும்” என்பது பழமொழி. ஆனா முகத்துல நாலு பரு வந்துட்டா நாம கண்ணாடியையே முறைச்சுப் பார்க்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

போன வருஷம் ஆண்டு விழா கும்மிக்குப் பேர் கொடுத்திருந்தேன். “எலுமிச்சம்பழத்தைத் தேய்ச்சா ஒரே வாரத்துல சிவப்பாயிடலாம்”னு யாரோ சொன்னதைக் கேட்டு, எலுமிச்சைச் சாற்றில் சமையல் மஞ்சள்தூளைக் குழைச்சுப் பூசினேன். சரியாக் கழுவாம அம்மாவோட கடலைக் கொல்லைக்குப் போயிட்டேன். நல்ல வெயில். ராத்திரி முகம் எரிஞ்சது. ரெண்டு நாள்ல கன்னத்துல கருப்புத் திட்டு வந்துடுச்சு. விழா அன்று பின் வரிசையில் தலையைக் குனிஞ்சுக்கிட்டே ஆடினேன். அந்தத் திட்டு மறைய நாலு மாசம் ஆச்சு. என்னை மாதிரி நீங்களும் ஏமாறக் கூடாதுன்னுதான் இந்தக் கட்டுரை.

ஏன் அப்படி ஆச்சு?

எங்கள் அறிவியல் ஆசிரியரிடம் கேட்டேன். எலுமிச்சைச் சாற்றின் பி.எச். மதிப்பு சுமார் 2. நம் தோலின் மதிப்பு சுமார் 5. மூன்று எண் வித்தியாசம் என்றால் ஆயிரம் மடங்கு அதிக அமிலம்! அதோடு எலுமிச்சையில் உள்ள சில பொருள்கள் வெயில் பட்டதும் தோலைப் புண்ணாக்கும் என்றும் விளக்கினார்.

பரு ஏன் வருகிறது?

நம்ம வயசுல ஹார்மோன் மாற்றத்தால் தோலில் எண்ணெய்ப் பசை அதிகம் சுரக்கும். அந்த எண்ணெயும் இறந்த செல்களும் மயிர்த்துளையை அடைத்துக்கொள்ளும். அங்கே பாக்டீரியா பெருகினால் பரு சிவந்து வீங்கும். இது வயசுக் கோளாறுதான், வெட்கப்பட வேண்டியதில்லை.

எங்க அப்பாயி சொல்லிக் கொடுத்த பொடி

பச்சைப் பயறு – 250 கிராம்
காய்ந்த ஆவாரம்பூ – 50 கிராம்
காய்ந்த ரோஜா இதழ் – 25 கிராம்
கஸ்தூரி மஞ்சள் – 25 கிராம்
காய்ந்த வேப்பிலை – ஒரு கைப்பிடி

பயறை வெயிலிலும், பூவையும் இலையையும் நிழலிலும் காய வைக்கணும். கஸ்தூரி மஞ்சள் கல்லு மாதிரி இருக்கும். அதனால் உரலில் இடிச்சுட்டு மில்லுக்குக் கொண்டு போகணும். முக்கியமா, மிளகாய் அரைச்ச மெஷினில் அரைக்கக் கூடாது! அரைச்சதை ஆற வைத்து மெல்லிய துணியில் சலிக்கணும். கொரகொரப்பு இருந்தால் தோலைக் கீறிவிடும்.

பூசும் முறை

1. முதலில் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் பூசிக் கழுவிவிட்டு, ஒரு நாள் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் அந்தப் பொடி உங்களுக்கு வேண்டாம். மூலிகையும் சிலருக்கு ஒத்துக்காது.
2. ஒரு ஸ்பூன் பொடி போதும். எண்ணெய் வழியும் முகத்துக்குத் தண்ணீர், வறண்ட முகத்துக்குப் பால் விட்டுக் குழைக்கலாம்.
3. கண், உதடு ஓரத்தில் பூச வேண்டாம்.
4. பத்து நிமிஷத்தில், முழுசா காய்ந்து இழுக்கும் முன்பே கழுவிடணும். அழுத்தித் தேய்க்க வேண்டாம்.
5. வாரத்துக்கு இரண்டு முறை போதும்.
6. பொடியை ஈரமில்லாத பாட்டிலில் வையுங்கள். ஈர ஸ்பூன் போட்டால் பூஞ்சை பிடிக்கும்.

என்ன பலன்?

பயத்தம் மாவு எண்ணெய்ப் பசையையும் அழுக்கையும் எடுக்கும். முகம் கழுவினப்புறம் லேசா இருக்கும். எனக்கு முன்னைவிட பரு குறைஞ்சிருக்கு. முழுசா போயிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். சீழ் வைத்த பெரிய பரு என்றால் கிள்ளாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

ஆனால் எந்தப் பொடியும் பிறவி நிறத்தை மாற்றாது. நம் நிறத்துக்குக் காரணம் மெலனின். வெயிலின் புறஊதாக் கதிர்களிடமிருந்து காக்க உடம்பே பிடிக்கும் குடை அது. சிவப்பாக்கும் என்று விற்கும் சில கிரீம்களில் பாதரசம், ஸ்டீராய்டு கூட கலந்திருக்கிறது. டாக்டர் சொல்லாமல் எதையும் வாங்கிப் பூசாதீர்கள்.

என் திட்டைப் பார்த்த அன்று அப்பாயி, “ஏன்டி, சோத்துல பிழியுற எலுமிச்சையை மூஞ்சில பிழிஞ்சுக்கிட்டியா? இந்தக் கருப்பு உன் தாத்தா கொடுத்த சொத்துடி”ன்னாங்க. அன்னைக்குக் கோபம் வந்துச்சு. இப்ப நினைச்சா பெருமையா இருக்கு. இந்த வருஷக் கும்மிக்கும் பேர் கொடுத்துட்டேன், முன் வரிசையில்!

உங்களுக்குத் தெரியுமா?

மஞ்சள் புண் ஆற்றும் என்பதற்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். நம் நாட்டு அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் குழுமம், இது எங்கள் பாட்டிமார்களுக்கே தெரிந்ததுதான் என்று பழைய ஏடுகளைக் காட்டி வாதாடியது. 1997-இல் அந்தக் காப்புரிமை ரத்தானது!