கத்தரிச் செடி ஒருபருவமா, பல்பருவமா?

குற்றாலத்தை அடுத்த எங்கள் பள்ளியில், ஏழாம் வகுப்பு வகுப்புத் தேர்வில், 'பல்பருவத் தாவரங்கள் இரண்டு எழுதுக' என்று கேட்டிருந்தேன். ஒரு மாணவி 'மா, கத்தரி' என்று எழுதியிருந்தாள். கத்தரியைச் சுழித்து அரை மதிப்பெண் போட்டேன்.

தாளை வாங்கியவள் அங்கேயே நின்றாள். "டீச்சர், எங்க வீட்டுக் கத்தரி நான் அஞ்சாப்பு படிக்கையில வச்சது. ஆச்சி அப்பப்ப வெட்டிவிடுவாங்க. இன்னும் காய்க்கு."

போய்ப் பார்த்தேன். அடித்தண்டு கட்டையாக முற்றியிருந்தது. மேலே புதுத்துளிர், ஊதாப்பூ. கத்தரி இயல்பிலேயே சில ஆண்டுகள் வாழக்கூடியது. காய்ப்புக் குறைந்ததும் விவசாயி பிடுங்கிவிடுகிறார். பனி உறையும் நாடுகளில் குளிர் கொன்றுவிடுகிறது. அதனால் ஒருபருவப் பயிர் என்ற பெயர். மிளகாயும் தக்காளியும் இப்படித்தான். நம் வாசலில் ஆண்டுக்கணக்கில் பூக்கும் நித்தியகல்யாணியைக் குளிர்நாடுகளில் ஒருபருவச் செடியாக வளர்க்கிறார்கள். அரை மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தேன், வகுப்பின் முன்னாலேயே.

அதன்பின் ஆயுளைக் கேட்பதை விட்டு, 'விதை தந்தபின் செடி என்ன செய்கிறது?' என்று கேட்கத் தொடங்கினேன். சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி, கையிருப்பை எல்லாம் விதைக்கே கொடுத்துவிட்டுக் காய்ந்துவிடும். அது ஒருபருவம். மா காய்த்த பிறகும் வேரிலும் தண்டிலும் அடுத்த ஆண்டுக்கு மிச்சம் வைக்கிறது.

எங்கள் பள்ளித் தோட்டத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். இங்கே செடிகளுக்குச் சோதனை குளிர் அல்ல, மார்ச் முதல் மே வரையிலான வெயில். அப்போது பாத்தி வெறுமையாகக் கிடக்கும். ஜூனில் சாரல் விழுந்ததும் காசித்தும்பையும் செங்காந்தளும் பக்கத்துப் பக்கத்தில் முளைக்கும். இரண்டும் ஒருபருவம்தான் என்று பிள்ளைகள் அடித்துச் சொல்வார்கள். காசித்தும்பை வெயிலைக் கடந்தது விதையாக. தொட்டால் வெடிக்கும் காயிலிருந்து போன ஆண்டு சிதறியவை அவை. செங்காந்தளோ மண்ணுக்குள் கிழங்காக உயிரோடு இருந்தது. ஆகவே அது பல்பருவம்.

ஓர் எச்சரிக்கை: செங்காந்தள் கிழங்கில் கால்ச்சிசின் என்னும் கடும் நஞ்சு உண்டு. பிள்ளைகளைத் தோண்டவிடாதீர்கள். நிலத்தடியில் காத்திருக்கும் தண்டைக் காட்ட மஞ்சளோ இஞ்சியோ போதும்.

"அப்போ வாழை?" என்றான் ஒருவன். குலை தந்த மரம் சாயும். அடிக்கிழங்கு பக்கக்கன்று விடும். பல்பருவமே. குறிஞ்சியில்தான் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. 2018இல் மூணாறுப் பகுதியில் பூத்த நீலக்குறிஞ்சி, 12 ஆண்டுகள் வளர்ந்து, ஒரே முறை பூத்து, விதைத்து மடிவது. பல ஆண்டு வாழ்வதால் பல்பருவம் என்றது ஒரு பக்கம். ஒரே பூப்போடு முடிவதால் இல்லை என்றது மறுபக்கம். தாவரவியலார் அதைப் பல்பருவத்தில்தான் சேர்க்கிறார்கள், ஒரு முறை மட்டும் பூப்பது என்ற குறிப்போடு. மணி அடித்தும் சண்டை ஓயவில்லை.

இப்போது அந்த வினா, 'உங்கள் வீட்டருகே உள்ள இரு செடிகளைக் குறிப்பிட்டு, எந்த வகை என்பதைக் காரணத்துடன் எழுதுக' என்று மாறியிருக்கிறது. தாள் திருத்தத்தான் இரட்டிப்பு நேரம் ஆகிறது.