கம்பெனிகளுக்கு வீடியோ எடுக்கும் தொழில்: வேலை தேடுவதும் பணம் வாங்குவதும்

கல்யாண வீடியோ எடுப்பவரை நம் எல்லோருக்கும் தெரியும். தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் வீடியோ எடுத்துக் கொடுப்பவரை அவ்வளவாகத் தெரியாது. புனே போன்ற தொழில் நகரத்தில் இந்த இரண்டாவது வேலைக்கு முகூர்த்த நாள் பார்க்க வேண்டியதில்லை. ஆண்டு முழுவதும் தேவை இருக்கிறது. நம் சங்கக் குடும்பங்களிலும் காமிராவிலும் எடிட்டிங்கிலும் கைதேர்ந்த பிள்ளைகள் சிலர், சம்பள வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கலாமா என்று யோசிக்கிறார்கள். பெற்றோர் தயங்குவதும் நியாயமே. சொந்த ஊர் என்றால் வரும்படி குறைந்தாலும் தலைக்கு மேல் ஒரு கூரை இருக்கும். இங்கே வாடகையோ வீட்டுக்கடன் தவணையோ மாதம் பிறந்ததும் வாசலில் வந்து நிற்கும்.

நான் காமிராக்காரன் அல்ல. டிப்ளமா படித்து ரயில்வேயில் சேர்ந்து, ஒப்பந்தக்காரர்களிடம் வேலை வாங்கி, அளந்து பார்த்து, பில் பாஸ் செய்தவன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் எதைப் பார்த்து வேலை கொடுக்கிறார், எதனால் பில்லை நிறுத்தி வைக்கிறார் என்பது எனக்குத் தெரியும். ஓய்வு பெற்றபின் இத்தொழிலில் இருக்கும் சில இளைஞர்களுக்குக் கணக்கு வழக்கில் உதவி வருகிறேன். நான் கண்டது இதுதான்: இத்தொழிலில் நிலைப்பதும் விழுவதும் காமிராவால் அல்ல. கம்பெனியின் தேவையைப் புரிந்துகொண்டு, அதை எழுத்தில் ஒப்புக்கொண்டு, சொன்ன தேதியில் கொடுப்பதால்தான்.

இது புதிய தொழிலும் அல்ல. 1895இல் லூமியேர் சகோதரர்கள் எடுத்துக் காட்டிய முதல் படங்களில் ஒன்று, லியோன் நகரில் அவர்களுடைய சொந்தத் தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர்கள் வெளியே வரும் காட்சி. திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் படச்சுருள்களையும் வாங்கி, வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகப் படம் காட்டப் புறப்பட்டார். பார்ப்பவர்களைத் தேடி அவர்தான் போனார். அவர்கள் அவரைத் தேடி வரவில்லை. இன்றும் அதுவே விதி.

1. தேவை எங்கே இருக்கிறது?

"உங்களுக்கு வீடியோ வேண்டுமா?" என்று கேட்டால் எந்தக் கம்பெனியும் வேண்டாம் என்றுதான் சொல்லும். அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கும் ஒரு தொல்லையைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். முக்கியமான தேவைகள் ஐந்து.

பாதுகாப்புப் பயிற்சி: ஆலைக்குள் புதிதாக நுழையும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒப்பந்தக் கூலிக்கும் விதிகளைச் சொல்லியாக வேண்டும். தினமும் அதையே சொல்லி அலுத்துப்போன பாதுகாப்பு அதிகாரிக்குப் பத்து நிமிடப் படம் பெரிய உதவி. தேசியப் பாதுகாப்பு தினம் மார்ச் 4. ஆகவே டிசம்பர், ஜனவரியிலேயே போய்ப் பேச வேண்டும்.

வேலைமுறைப் பயிற்சி: ஓர் இயந்திரத்தை எப்படி ஓட்டுவது, அச்சை எப்படி மாற்றுவது என்பதைப் படிப்படியாகக் காட்டும் படம். அனுபவஸ்தர் ஓய்வு பெறும் முன் அவர் கைவேலையைப் பதிந்து வைக்க விரும்பும் ஆலைகள் உண்டு.

கண்காட்சி: சிஞ்ச்வாடில் ஆட்டோ கிளஸ்டர் மையத்தில் நடப்பது போன்ற கண்காட்சிகளுக்கு எல்லா இயந்திரத்தையும் தூக்கிக்கொண்டு போக முடியாது. கடையில் ஓடவிட இரண்டு நிமிடப் படம் வேண்டும்.

சமூகப் பணி: 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணத்தில் பள்ளி கட்டும், கிணறு வெட்டும் தொண்டு நிறுவனங்கள் செய்த வேலையைக் காட்டியாக வேண்டும். இவர்கள் நல்ல வாடிக்கையாளர்கள்.

ஆள் சேர்ப்பும் ஆண்டு விழாவும்: இவற்றைக் கவனிப்பது மனிதவளப் பிரிவு. வேலை சிறியது, ஆனால் உள்ளே நுழைய நல்ல வாசல்.

2. வாடிக்கையாளரைத் தேடும் முறை

முதலில் கையில் ஒரு மாதிரிப் படம் வேண்டும். கல்யாணப் படத்தைக் காட்டினால் ஆலை மேலாளருக்கு நம்பிக்கை வராது. தெரிந்தவர் ஒருவரின் லேத் பட்டறையில் அனுமதி கேட்டு, ஒரு பொருள் இரும்புத் துண்டாக நுழைந்து உதிரிபாகமாக வெளிவரும் வரை மூன்று நிமிடப் படமாக எடுங்கள். பட்டறைக்காரருக்கு இலவசமாகக் கொடுங்கள். அதுவே உங்கள் விசிட்டிங் கார்டு.

அடுத்து, பட்டியல். போசரி, சாக்கண், ராஞ்சன்காவ் தொழிற்பேட்டைகளில் நடுத்தரமான முப்பது கம்பெனிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். மிகப் பெரிய கம்பெனிகள் விளம்பர நிறுவனங்கள் மூலமாகத்தான் வேலை கொடுக்கும். மிகச் சிறியவற்றிடம் இதற்குப் பணம் இருக்காது. 1934இல் தொடங்கிய மராட்டா வர்த்தக, தொழில், வேளாண் சபை போன்ற அமைப்புகளின் கூட்டங்களுக்குப் போனால் பலரை ஒரே இடத்தில் சந்திக்கலாம். கம்பெனியில் கேட்க வேண்டிய ஆள் முதலாளி அல்ல. பாதுகாப்பு அதிகாரி, பயிற்சி அதிகாரி, மார்க்கெட்டிங் மேலாளர் ஆகியோரே. போசரிப் பக்கம் பல பட்டறைகளுக்கு வார விடுமுறை வியாழக்கிழமை. அன்று போய் அலையாதீர்கள்.

நம் குடும்பங்களுக்கு இதில் ஒரு தனி வசதி உண்டு. இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும், தெருவில் மராத்தியும், பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பேசுகிறார்கள். ஆலையில் அதிகாரிகள் மராத்தியில் பேச, ஒப்பந்தத் தொழிலாளர் பலர் பீகாரிலிருந்தும் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் வந்திருப்பார்கள். இவ்வட்டாரத்து மோட்டார் உதிரிபாகக் கம்பெனிகள் சிலவற்றுக்குச் சென்னைக்கு அருகே ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பகுதியிலும் ஆலைகள் உண்டு. ஒரே பாதுகாப்புப் படத்தை மூன்று மொழிகளில், பிழையில்லாமல் நானே தருகிறேன் என்று சொல்லக்கூடியவர் எத்தனை பேர்? அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

3. எஸ்டிமேட் போடும் முறை

"பக்கத்துக் கடைக்காரர் எவ்வளவு வாங்குகிறார்?" என்று கேட்டு விலை சொல்லக்கூடாது. தன் கணக்கைத் தானே போட வேண்டும். ஓர் உதாரணம் தருகிறேன். எண்கள் முறையை விளக்கவே, சந்தை விலை அல்ல.

குடும்பத்துக்கு மாதம் 50,000 ரூபாய், ஆண்டுக்கு 6 லட்சம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆள் தேடுவது, பில் எழுதுவது, காத்திருப்பது எல்லாம் போக, கூலி கிடைக்கும் நாள் ஆண்டுக்கு 120 என்று கொள்வோம். ஒரு நாளைக்கு 5,000 ரூபாய். ஒரு படத்துக்கு ஆலையைப் பார்வையிட ஒரு நாள், எழுத ஒரு நாள், படம்பிடிக்க இரண்டு, எடிட்டிங்குக்கு நான்கு, ஆக 8 நாள்: 40,000 ரூபாய். 120 நாளில் 15 படம், அதாவது 30 படப்பிடிப்பு நாள். கருவிகளின் விலை 3 லட்சம், ஆயுள் மூன்றாண்டு என்றால் 90 நாளுக்குப் பங்கிட்டு நாளொன்றுக்கு சுமார் 3,333. இரண்டு நாளுக்கு 6,666. உதவியாளர், பயணம், குரல், இசை உரிமம் என 12,000. கூட்டினால் 58,666. எதிர்பாராத செலவுக்கு 10 சதவீதம் சேர்த்தால் சுமார் 64,500 ரூபாய்.

இக்கணக்கில் ஒரு பாடம் இருக்கிறது. ஆண்டுக்குத் தேவை 15 படங்கள்தான். மூன்று மூன்று வேலை தரும் ஐந்து கம்பெனிகள் போதும். எனவே ஐம்பது பேரிடம் ஒருமுறை வேலை வாங்குவதைவிட, ஐந்து பேரை விட்டுவிடாமல் வைத்துக்கொள்வதே பிழைக்கும் வழி.

4. எழுத்தில் இருக்க வேண்டியவை

எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர் ஒரு தொழிற்சாலைக்கு ஐந்து நிமிடப் படம் எடுத்துக் கொடுத்தார். எல்லாம் வாய்ப்பேச்சு. மேலாளர் ஒரு மாற்றம் கேட்டார், இயக்குநர் அதற்கு நேர்மாறாகக் கேட்டார். ஒன்பது முறை திருத்தினார். முடிவில் "நாங்கள் கேட்டது இது இல்லை" என்று ஒரு வரி சொன்னார்கள்; பாதிப் பணம் நின்றுபோனது. அவர் மனைவியின் வளையல் அடகுக்குப் போனது. "எழுதிக் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயமாக இருந்தது, அங்கிள்" என்றார். ஒழுங்கான கம்பெனி எழுத்தைக் கண்டு கோபிக்காது. அது இல்லாமல் அவர்களுடைய கணக்குப் பிரிவிலேயே பில் நகராது.

ஒரு பக்கக் கடிதம் போதும். படம் எதற்கு, யார் பார்க்க, எத்தனை நிமிடம், எந்த மொழிகள். படப்பிடிப்பு எத்தனை நாள். திருத்தம் இரண்டு முறை, அதற்கு மேல் தனிக் கட்டணம். கம்பெனி சார்பில் ஒப்புதல் தருபவர் ஒரே ஒருவர், அவர் பெயர். பணம் தொடங்கும்போது 40, படப்பிடிப்பு முடிந்ததும் 40, ஒப்படைக்கும்போது 20 சதவீதம். இவை இருக்கட்டும்.

உரிமை பற்றியும் ஒரு வரி வேண்டும். 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறுவிதமான ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர். ஆகவே அதை மாதிரியாகப் பிறரிடம் காட்ட அனுமதி உண்டு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடாதீர்கள். உரிமம் வாங்கிய இசையைப் போட்டு, அதன் ரசீதையும் படத்தோடு ஒப்படையுங்கள்.

5. பணம் வருவதற்குச் சட்டத்தின் துணை

உத்யம் என்ற சிறுதொழில் பதிவு முறை 2020 ஜூலை 1 முதல் இருக்கிறது. இணையத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். முதல் வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே செய்துவிடுவது நல்லது. 2006ஆம் ஆண்டுச் சிறு, குறுந்தொழில் சட்டப்படி, பதிவுபெற்ற குறுந்தொழிலுக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் குறித்த நாளுக்குள், எப்படியும் 45 நாளுக்குள், பணம் தர வேண்டும். எழுத்து இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவித்த வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக. அதோடு, 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் கொண்டுவந்த விதிப்படி, இப்படித் தாமதித்த தொகையை உண்மையில் கொடுக்கும்வரை கம்பெனி வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. பில்லின் தலைப்பில் உத்யம் எண்ணை அச்சிட்டாலே பாதி வேலை நடக்கும்.

சேவைத் தொழிலில் பெரும்பாலான மாநிலங்களில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். மேலே சொன்ன உதாரணத்தில் வரவு 10 லட்சத்துக்குள்தான். ஆனால் பதிவு இல்லாதவருக்கு வேலை தராத கம்பெனிகளும் உண்டு. விசாரித்து முடிவு செய்யுங்கள். கம்பெனி வருமான வரி பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தரும். அது போன பணம் அல்ல. ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்தால் வரியில் கழியும் அல்லது திரும்பி வரும்.

6. ஆலைக்குள் வேலை

நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுக்குகின்றன. கண்ணுக்குத் தெரியாது, காமிராவுக்குத் தெரியும். விநாடிக்கு 25 படம், ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் திரையில் கோடுகள் ஓடுவது பெரும்பாலும் நிற்கும். 30 படம், 1/60 என்பது 60 சுழற்சி மின்சாரம் உள்ள அமெரிக்கா போன்ற நாடுகளுக்கானது. சில எல்.இ.டி. விளக்குகள் இதற்கும் அடங்கா; பார்வையிடும் நாளிலேயே சோதித்துவிடுங்கள்.

பேட்டிகளை விடுமுறை நாளில் எடுத்தால் பிரஸ் மெஷின் சத்தம் இருக்காது. சட்டையில் குத்தும் காலர் மைக் கட்டாயம். படம் சற்று மங்கினாலும் பொறுப்பார்கள். பேச்சு கேட்காவிட்டால் பொறுக்க மாட்டார்கள்.

பாதுகாப்புக் காலணி, ஹெல்மெட் இரண்டையும் சொந்தமாக வைத்திருங்கள். டிரோன் பறக்கவிட ஆசைப்பட்டால், 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகளைப் படியுங்கள். 250 கிராமுக்கு மேற்பட்டதைத் தொழிலுக்காகப் பறக்கவிட டிரோனுக்குப் பதிவும், ஓட்டுபவருக்குச் சான்றிதழும் வேண்டும். இங்கே லோகேகாவ் விமானப்படைத் தளமும் கட்கி, தேகு ரோடு பாதுகாப்பு நிலையங்களும் இருப்பதால், இடத்துக்கு அனுமதி உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும்.

விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. இடம் பிடிக்கும். அன்றிரவே மூன்று பிரதி எடுத்து, அதில் ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். ஆலை ஓட்டத்தை நமக்காக இன்னொருமுறை நிறுத்த மாட்டார்கள்.

பெற்றோருக்கு

பிள்ளை இத்தொழிலுக்குப் போகிறேன் என்றால், "காமிரா என்ன விலை?" என்று முதலில் கேட்காதீர்கள். ஆறு மாத வீட்டுச் செலவு கையில் இருக்கிறதா, மாதிரிப் படம் ஒன்று தயாரா, எழுத்தில் ஒப்புக்கொண்ட இரண்டு கம்பெனிகளாவது உண்டா என்று கேளுங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் தைரியமாக அனுப்பலாம். இல்லையென்றால் தடுக்க வேண்டாம். வேலையை விடாமல், விடுமுறை நாள்களில் அந்த மூன்றையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். காமிராவை அதுவரை வாடகைக்கு எடுத்தால் போதும்.