கல்லாற்றில் ஒரு பழைய வீணை: ஆன்லைனில் விலை பேசும் வழி

பொன்முடிக்குப் போகும் சாலையில் விதுராவைத் தாண்டினால் கல்லாறு. உருண்டைக் கற்களின் மேல் ஓடும் ஆறு, ஒரு பாலம், சில கடைகள். அதற்கப்பால் 22 கொண்டையூசி வளைவுகள். இங்கே உட்கார்ந்துகொண்டு பழைய வாத்தியம் விற்கிறவருக்கு இரண்டு எதிரிகள். ஒன்று ஈரம். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் நனைக்கிற மலையடிவாரம் இது. உறைக்குள் சும்மா கிடந்த கிட்டாரின் கழுத்து எப்போது வளைந்தது என்றே தெரியாது. மற்றொன்று தூரம். வாங்குகிறவர் திருவனந்தபுரத்தில் இருப்பார், அல்லது கொல்லத்தில், நாகர்கோவிலில். வந்து பார்த்துவிட்டுப் போகவே அரைநாள் போய்விடும். இந்த இரண்டையும் விலைக்குள் கணக்குப் பண்ணாமல் விளம்பரம் போட்டால், தினம் பத்துப் பேர் விசாரிப்பார்கள்; ஒருவரும் வரமாட்டார்.

முதல் வேலை: இன்றைய கடை விலை

"நான் இத்தனைக்கு வாங்கினேன்" என்பது பேரத்தில் செல்லாத காசு. அதே மாடல் இன்று புதிதாக என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று பாருங்கள். பெட்டியில் அச்சடித்த விலையை விட்டுவிடுங்கள். கடைக்காரர் தள்ளுபடி போக உண்மையில் வாங்குகிற விலைதான் கணக்கு. பிறகு, வாங்குகிறவர் வீட்டுக்குக் கொண்டுபோன பின் செய்யவேண்டிய செலவை அதிலிருந்து கழிக்கவேண்டும்.

ஒரு கிட்டாரை வைத்துக் கணக்குப் போடுவோம். புதிது 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் வாசித்த, கீறல் அதிகமில்லாத கிட்டாருக்கு நான் 60 சதவீதத்திலிருந்து தொடங்குவேன்: 6,000. கம்பிகள் துருப்பிடித்திருக்கின்றன, மாற்ற 600. கம்பி ஃபிரெட்டிலிருந்து எழும்பி நிற்கிறது, சரிசெய்ய 800. போக்குவரத்தில் அவர் பங்குக்கு 300 விடலாம். மிஞ்சுவது 4,300. இதுதான் கைக்கு வரக்கூடிய விலை. விளம்பரத்தில் 5,000 போடுங்கள். 4,000 ரூபாய்க்குக் கீழே போனால் கொடுப்பதில்லை என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதாத எல்லை ராத்திரி பதினொரு மணிக்கு வரும் செய்தியில் கரைந்துவிடும்.

கம்பியை மட்டும் விற்பதற்கு முன்பே மாற்றிவிடலாம். புதுக் கம்பியின் சத்தம் அதன் விலைக்கு மேலேயே சம்பாதித்துத் தரும். கழுத்து வளைவை நிமிர்த்தப் பணம் போடாதீர்கள். அது திரும்பி வராது.

வாத்தியத்துக்கு வாத்தியம் வேறு கணக்கு

சதவீதக் கணக்கு கிட்டார், கீபோர்டு போன்ற தொழிற்சாலைச் சரக்குக்குத்தான். அதிலும் கீபோர்டு வருடா வருடம் இறங்கிக்கொண்டே போகும். ஈர இடத்தில் கிடந்ததென்றால் சில கட்டைகள் பேசாமல் போயிருக்கும். ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிட்டு விலை சொல்லுங்கள்.

கையால் செய்த வாத்தியம் வேறு ஜாதி. மிருதங்கத்தில் விலை பலாமரக் கட்டைக்குத்தான். அதன் தோல் மூட்டு தேய்கிற பொருள், எப்படியும் மாற்றவேண்டியது. "மூட்டு போயிருக்கே" என்று கேட்பவரிடம், "ஆமாம், அதைக் கழித்துத்தான் விலை சொல்லியிருக்கிறேன், கட்டையைத் தட்டிப் பாருங்கள்" என்று சொல்ல முடியவேண்டும். கட்டையில் விரிசலோ வண்டு அரித்த ஓட்டையோ இருந்தால், அங்கே உங்கள் பேச்சு நிற்காது.

வீணைக்கு முதல் கேள்வி: ஏகாண்டமா, ஒட்டா? குடமும் தண்டியும் ஒரே மரத்தில் குடைந்தது ஏகாண்டம். தனித்தனியாகச் செய்து சேர்த்தது ஒட்டு வீணை. இரண்டுக்கும் விலை வித்தியாசம் பெரிது. மரத்தின் ரேகை குடத்திலிருந்து தண்டிக்கு அறுபடாமல் ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். தெரியாவிட்டால் ஒரு வீணை ஆசிரியரிடம் காட்டிக் கேளுங்கள், ஊகித்து எழுதவேண்டாம். தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்காக யாளி முகம் வைத்த வீணையெல்லாம் தஞ்சாவூர் ஆகிவிடாது. அடுத்தது மெழுகு. 24 மெட்டுகளும் மெழுகில்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு மெட்டு அசைந்தாலும் சுருதி விலகும். மெழுகு புதுப்பிக்கும் செலவை விசாரித்து, நீங்களே கழித்துவிடுங்கள்.

ஹார்மோனியத்துக்கு ஒரு சின்னச் சோதனை போதும். துருத்தியை நிறைத்து, ஸ்டாப்புகளை எல்லாம் மூடிவிட்டு, காற்று எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். அதை வீடியோ எடுத்து விளம்பரத்திலேயே போட்டுவிடலாம்.

விற்கவே கூடாதவை

இதை யாரும் சொல்வதில்லை. பழைய கஞ்சிரா என்றால் அதன் தோல் பெரும்பாலும் உடும்புத் தோல். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உடும்பு பாதுகாக்கப்பட்ட உயிரினம். அதன் தோலை விற்பது குற்றம். பழைய வீணைகளில் அலங்காரத்துக்கு வைத்த தந்தத்துக்கும் மான் கொம்புக்கும் இதே சட்டம்தான். சுற்றிலும் காடு இருக்கிற ஊரிலிருந்து இப்படி ஒரு பொருளைப் படத்தோடு விளம்பரம் செய்வது, தானே போய் வலையில் விழுவது. தாத்தா காலத்துப் பொருள் என்ற நியாயமும் விற்பனைக்குக் கைகொடுக்காது. கஞ்சிராவில் ஆட்டுத்தோலோ செயற்கைத் தோலோ போட்டிருந்தால் அதை விளம்பரத்தில் தெளிவாக எழுதுங்கள்.

எப்போது போடுவது

நவராத்திரிக்கு மூன்று நான்கு வாரம் முன்பு வீணையும் வயலினும் விலை போகும். பத்மநாபபுரத்துச் சரஸ்வதி களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளும் நாட்களில், விஜயதசமிக்குப் பிள்ளையைப் பாட்டு வகுப்பில் சேர்க்கலாமா என்று இங்கே வீடுகளில் பேச்சு ஓடும். ஹார்மோனியம், மண்டலக் காலப் பஜனைக்கு முன்பு. கொட்டும் ஆடி மழையில் எதையும் போடாதீர்கள். பார்க்க வருகிறவரும் இல்லை, வாத்தியமும் அப்போது நல்ல குரலில் இருக்காது.

விளம்பரத்துக்குப் படம்: பகல் வெளிச்சத்தில் எடுத்த ஆறு படங்கள். அவற்றில் இரண்டு, குறைகளைக் காட்டுபவை.

"லாஸ்ட் எத்ர, சேட்டா?"

முதல் செய்தி பெரும்பாலும் இதுதான். வணக்கம் கிடையாது, வாத்தியத்தைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது. நாகர்கோவில் பக்கத்து ஆள் என்றால், "கடைசியா என்ன விலைக்குத் தருவீங்க அண்ணாச்சி?" இதற்கு ஒரு எண்ணைப் பதிலாகச் சொன்னால், அந்த எண்ணிலிருந்துதான் உண்மையான பேரம் தொடங்கும். "வந்து வாசித்துப் பாருங்கள், நேரில் பேசிக்கொள்ளலாம்" என்று மட்டும் எழுதுங்கள். வாங்கும் எண்ணம் உள்ளவர் அடுத்த செய்தியில் மூட்டைப் பற்றியோ மெழுகைப் பற்றியோ கேட்பார். மற்றவர் போய்விடுவார், போகட்டும்.

தூரத்திலிருந்து வருகிறவரிடம் மட்டும் கொஞ்சம் இளகலாம். பஸ் ஏறுவதற்கு முன் அவருக்கு ஒரு நம்பிக்கை வேண்டும். "500 வரை குறைப்பேன், அதற்கு மேல் எதிர்பார்த்து வரவேண்டாம்" என்று சொல்வது நேர்மை, அவர் பயணமும் வீணாகாது. குறையையும் அப்போதே சொல்லிவிடுங்கள். ஒருமுறை ஃபிரெட்டில் வரும் கிரீச் சத்தத்தைச் சொல்லாமல் ஒருவரைக் கொல்லத்திலிருந்து வரவழைத்தேன். மூன்றாவது ஸ்வரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். ஒன்றும் பேசவில்லை, கிட்டாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்து என்னிடம் நீட்டினார். அன்று குடித்த டீ இன்னும் தொண்டையில் நிற்கிறது.

நேரில் உட்கார்ந்த பிறகு, விட்டுக்கொடுப்பது சிறுத்துக்கொண்டே வரவேண்டும். முதலில் 500, அடுத்து 200, பிறகு பணமே இல்லை: உறை, ஸ்டாண்டு, ஒரு செட் கம்பி. 500க்குப் பிறகு இன்னொரு 500 இறங்கினால், மூன்றாவது 500 இருக்கிறது என்றுதான் எவரும் நினைப்பார். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேசுவது, பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரியக்கூடாது என்பதற்காக. ஆன்லைனிலும் அதேதான். விளம்பரத்தின் கீழே எல்லோரும் பார்க்க விலையைக் குறைத்துப் பேசாதீர்கள். அடுத்து வருகிறவர் அங்கிருந்துதான் தொடங்குவார். "வேறு ஆள் அதிக விலைக்குக் கேட்டார்" என்ற பொய்யும் வேண்டாம். "அவருக்கே கொடுங்கள்" என்று எழுந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?

பணமும் ஒப்படைப்பும்

பார்க்காமலே முழு விலைக்குச் சம்மதிப்பவர், தன்னை ராணுவத்துக்காரர் என்று சொல்லிக்கொண்டு கியூஆர் கோடு அனுப்புவார். "ஸ்கேன் பண்ணுங்கள், பணம் வந்துவிடும்." பணம் வாங்க யுபிஐ பின் ஒருபோதும் தேவையில்லை, பின் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகிறது என்று அர்த்தம். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள்.

திருவனந்தபுரத்திலிருந்து வருகிறவரைச் சந்திக்க நெடுமங்காடு நல்ல இடம். இருவருக்கும் நடுவழி, பஸ் வசதி உண்டு. அச்சாரமாக 500 வாங்கிக்கொண்டால் விளம்பரத்தை நிறுத்திவைக்கலாம். எத்தனை நாளுக்கு என்பதைச் செய்தியிலேயே எழுதிவிடுங்கள். மீதி உங்கள் கணக்கில் ஏறியதை நீங்களே பார்த்த பிறகுதான் வாத்தியம் கை மாறவேண்டும். அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பவேண்டாம்.

வீணையாக இருந்தால் இன்னும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, குடத்தை மடியில் வைத்துக்கொண்டு போகட்டும். கார் என்றால் திருவனந்தபுரம் தம்பானூரில் வெயிலில் நிறுத்திக் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சாப்பிடப் போகவேண்டாம். மெழுகு இளகி மெட்டு நகர்ந்தால், ராத்திரி ஃபோன் உங்களுக்குத்தான் வரும்.