வண்டியே வீடானால் முகவரி எங்கே? ஓய்வுக்காலக் கேரவன் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

பணி ஓய்வு வந்தாயிற்று. பிள்ளைகள் பெங்களூரில். ஒரு கேரவன் வாங்கி, ஒகேனக்கலில் தொடங்கி இமயமலை வரை ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருக்கலாம் என்ற ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் சக்கரத்தின் மேல் இருக்கும் வீட்டுக்குக் கதவு எண் கிடையாது. ஆதார், ஆர்.சி., வாக்காளர் அட்டை எல்லாமே முகவரி கேட்கும்.

தருமபுரிக்காரருக்கு மூன்று வழிகள் தோன்றும்: சொந்த ஊர், பிள்ளைகள் இருக்கும் கர்நாடகம், ‘வரி குறைவு’ என்று டீக்கடை வரை பேசப்படும் புதுச்சேரி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மாநிலத்தால் என்ன மாறும்?

அமெரிக்காவில் இப்படி வாழ்பவர்கள் பலர் டெக்சாஸ், ஃபுளோரிடா, சவுத் டகோட்டா ஆகியவற்றில் ஒன்றைச் சட்டப்படியான வீடாக வைத்துக்கொள்வார்கள். அங்கெல்லாம் தனிநபருக்கு மாநில வருமான வரி இல்லை என்பது முக்கியக் காரணம். நமக்கு அந்தக் கணக்கே வேண்டாம். பென்ஷனுக்கான வருமான வரி மத்திய அரசுக்குப் போவது. அரூரில் இருந்தாலும் அகமதாபாத்தில் இருந்தாலும் விகிதம் ஒன்றே. நமக்கு மாறுபவை வாகன வரி, ரேஷன், மாநில மருத்துவக் காப்பீடு, ஓட்டு.

எவ்வளவு ஆகும்?

பெரிய செலவு ஆயுள்கால வரிதான். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி, 10 முதல் 20 லட்சம் வரையிலான சொந்தக் காருக்கு 18 சதவீதம். அதற்கு மேல் 20. பதினைந்து லட்ச ரூபாய் வண்டி என்றால் வரி மட்டும் 2.70 லட்சம். கர்நாடகத்தில் அதே விலைக்கு 17 சதவீதம், அந்த வரியின் மேல் செஸ் தனி. ஆக, ஓசூர் எல்லையைத் தாண்டிப் பதிவதால் லாபம் ஒன்றுமில்லை. கேம்பர் வேன் என்ற வகையில் பதிந்தால் கணக்கு மாறலாம். அதனால் எந்த வகையில் பதியப் போகிறோம் என்பதை வாங்கும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுவோம்.

பிஹெச் நம்பர் கிடைக்குமா?

2021-இல் வந்த இந்தப் பதிவெண் வரிசை, மாநிலம் மாறும்போதெல்லாம் மறுபதிவு செய்யும் தொல்லையைத் தவிர்க்கிறது. ஆனால் அது ராணுவத்தினர், அரசு மற்றும் பொதுத்துறை ஊழியர்கள், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்கள் ஆகியோருக்கானது. ஓய்வூதியர் என்ற தகுதியில் கிடைக்காது. ஊர் சுற்றுவதையே தொழிலாகக் கொள்ளப்போகும் நம்மைத்தான் விட்டுவிட்டார்கள்!

எந்த வரிசையில் செய்வது?

முதலில் ஆதார். முகவரி மாற்றக் கட்டணம் 75 ரூபாய். சொந்த வீட்டை விற்றுவிட்டு தம்பி வீட்டு முகவரிக்கோ மகன் வீட்டு முகவரிக்கோ மாறுகிறவர்கள், குடும்பத் தலைவர் ஒப்புதல் தரும் முறையில் ஆன்லைனிலேயே மாற்றலாம்.

அடுத்து வங்கி, ஓட்டுநர் உரிமம். 55 வயதுக்கு மேல் உரிமத்தை 5 ஆண்டுக்குத்தான் புதுப்பிப்பார்கள், அதற்கு மருத்துவச் சான்றும் வேண்டும். கிளம்பும் முன் முடித்துவிடுங்கள்.

பிறகு வண்டிப் பதிவு. தருமபுரி என்றால் டிஎன் 29. ஆர்.சி.யில் உள்ள முகவரி மாறினால் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். செல்போன் எண்ணையும் சரியாகப் பதியுங்கள். அபராத ரசீது நம்மைத் தேடி வருவது அதில்தான்.

கடைசியாக ஓட்டு. ஒருவருக்கு ஒரு தொகுதிதான். 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, தற்காலிகமாக ஊரில் இல்லை என்பதாலேயே அந்த ஊர்வாசி அல்ல என்று ஆகிவிடாது. ஆனால் வெறும் வீடு இருப்பதும் போதாது. 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்கள். அந்த நேரம் நாம் லடாக்கில் இருந்தால் படிவத்தை வாங்க ஊரில் ஓர் ஆள் வேண்டும்.

பென்ஷனும் ரேஷனும்

பென்ஷனுக்கு ஊர் திரும்பத் தேவையில்லை. 2014-இல் வந்த ஜீவன் பிரமாண் மூலம் எங்கிருந்தும் வாழ்நாள் சான்று தரலாம். செல்போனில் முகத்தைக் காட்டினாலே போதும். தபால்காரர் வழியாகச் செய்தால் 70 ரூபாய். மத்திய அரசு ஓய்வூதியருக்கு நவம்பர் மாதம். மாநில அரசு ஓய்வூதியர்கள் தங்கள் நேர்காணல் மாதத்தைக் கருவூலத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

ரேஷன் அட்டையை அவசரப்பட்டு ஒப்படைக்காதீர்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கான முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு அதுதான் அடிப்படை. மாநிலத்தை மாற்றினால் அதுவும் போகும்.

எச்சரிக்கை

புதுச்சேரி யோசனையை விட்டுவிடுங்கள். அங்கே குடியிருக்காமல் போலி முகவரியில் சொகுசுக் கார்களைப் பதிந்ததாக, 2017-இல் கேரளத்தில் திரைப் பிரபலங்கள் மீதே வழக்குகள் பாய்ந்தன.

வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். சுற்றிக்கொண்டே இருப்பவருக்கு இது பிரச்சினை இல்லை. மகனின் பெங்களூர் அபார்ட்மெண்டில் நிறுத்திவிட்டு மறந்துபோகிறவருக்குத்தான் சிக்கல். வண்டி ஒரே இடத்தில் நிற்கவில்லை என்று காட்ட டோல் ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள்.

வேனை வாங்கிப் பட்டறையில் கட்டில், சமையல் மேடை அடிப்பவர்கள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை மறக்கக் கூடாது. ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்ற ஆர்டிஓவின் அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் நிறுவனம் தகராறு செய்யும்.

ஆக, தருமபுரியில் உறவும் கதவும் இருக்கும்வரை முகவரி தருமபுரியாகவே இருக்கட்டும். பெங்களூரில் ஆண்டின் பெரும்பகுதி தங்கப்போகிறீர்கள் என்றால் மட்டும், என்ஓசி (தடையின்மைச் சான்று) வாங்கி எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கர்நாடகத்துக்கு மாற்றுங்கள். பாதி இங்கே, பாதி அங்கே என்று வைத்துக்கொள்ள வேண்டாம்.