முதலில் கிளிப், அப்புறம்தான் நடை

ட்ரெட்மில் வந்து இறங்கிவிட்டது என்று நேற்று போட்டோ அனுப்பியிருந்தாய். சந்தோஷம்டி. ஐப்பசியில் மழை, சித்திரையில் வெயில், பன்னிரண்டு மாதமும் தெருநாய் என்று நீ வாக்கிங் போகாததற்குச் சொல்லிவந்த காரணமெல்லாம் இன்றோடு காலி. ஆனால் அந்தப் போட்டோவில் இரண்டு விஷயம் என் கண்ணில் பட்டது. கைப்பிடியில் அதற்குள் ஒரு துண்டு காய்கிறது. மெஷினின் பின்பக்கம் சுவரை ஒட்டியிருக்கிறது. துண்டைக்கூட மன்னிக்கலாம். சுவர்தான் கவலை.

தரையில் நடக்கும்போது தடுமாறினால் நாம் நின்றுவிடுவோம். பெல்ட் நிற்காது. விழுந்தவளையும் பின்னால் இழுத்துத் தள்ளும். அங்கே சுவர் இருந்தால் சுவருக்கும் ஓடுகிற பெல்ட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வாய், தோல் வழண்டுவிடும். பின்னால் ஆறரை அடி, இரண்டு பக்கமும் ஒன்றரை அடி காலியாக இருக்க வேண்டும். உன் ரூமில் அதற்கு ஒரே வழி, மெஷினைத் திருப்பிப் போடுவது. சுவரைப் பார்த்து நடக்க போரடிக்கும். போரடிக்கட்டும்.

அடுத்தது மெஷினில் செருகும் அந்தச் சிவப்புச் சாவி. அதிலிருந்து ஒரு கயிறு வரும், நுனியில் கிளிப் இருக்கும். மாட்டிக் கொடுக்க வந்த பையன் சாவியைச் செருகி ஓட்டிக் காட்டிவிட்டுப் போயிருப்பான், கிளிப் அநாதையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அதை டிசர்ட்டில் இடுப்புப் பக்கம் இறுக்கமாக மாட்டு. நீ பின்னால் சறுக்கினால் கயிறு இழுபட்டு, சாவி கழன்று, மோட்டார் நின்றுவிடும். முதல் நாளே, மெதுவாக ஓடும்போது ஓரப்பலகையில் நின்றுகொண்டு ஒருமுறை இழுத்துப் பார்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஜிம்மில் எனக்கு முன்னால் நடந்தவர் பெல்ட்டை நிறுத்தாமல் இறங்கிப் போய்விட்டார். நான் போனைப் பார்த்துக்கொண்டே காலை வைத்தேன். அடுத்த நொடி முட்டியும் முகவாயும் தரையில். ஸ்கூட்டியிலிருந்து விழுந்தேன் என்று அம்மாவிடம் சொன்னேனே, அது இதுதான். நீயும் இப்போதே தெரிந்துகொள், அம்மாவிடம் சொல்லாதே.

அதனால் எப்போதும் முதலில் இரண்டு பக்க ஓரப்பலகையில் கால் வைத்து நில். ஸ்டார்ட் அழுத்து. பெல்ட் மணிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் ஊர்வதைக் கண்ணால் பார்த்துவிட்டு அப்புறம் பெல்ட்டில் இறங்கு. ஸ்கிரீனில் காட்டுவது கிலோமீட்டரா மைலா என்றும் பார்த்துக்கொள். சில மெஷின்களில் மைல் கணக்கு இருக்கும். ஆறு என்று நீ அழுத்துவாய், அது ஒன்பதரைக் கிலோமீட்டருக்கு மேல் பறக்கும்.

நைட்டியோடு ஏறாதே. துப்பட்டா வேண்டவே வேண்டாம். செருப்பு, வெறுங்கால், ஈரக்கால் எதுவும் கூடாது. லேஸ் கட்டிய ஷூ மட்டும்.

இனி நடை. முதல் ஐந்து நிமிடம் மூன்று கிலோமீட்டர் வேகம். பிறகு நாலரை, ஐந்து. சரியான வேகம் எது என்று என்னைக் கேட்காதே, உன் வாயைக் கேள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் அளவு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வாரம் 150 நிமிடக் கணக்குக்கு இந்த வேகமே போதும். ஒரேயடியாக அரை மணி நேரம் கிடைக்காவிட்டால் காலையில் பதினைந்து, ராத்திரி சாப்பிட்ட பிறகு மெதுவாகப் பதினைந்து என்று பிரித்துக்கொள். சாப்பாட்டுக்குப் பிந்தைய நடை அத்தானின் சுகருக்கும் நல்லது. ஆனால் அவர் இன்சுலின் போடுகிறவர். பக்கத்தில் குளூக்கோஸ் இல்லாமல் ஏற விடாதே.

பழகிவிட்டால் உனக்கு வேகத்தைக் கூட்டத்தான் கை போகும். என்னைக் கேட்டால் வேகத்தை விட்டுவிட்டு ஏற்றத்தைக் கூட்டு. அப்பாவுக்கு ட்ரெட்மில்லில் நடக்கவிட்டு இதயத்துக்கு டிஎம்டி எடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதில் பரவலாகக் கையாள்வது ராபர்ட் புரூஸ் என்ற அமெரிக்க இதய மருத்துவரின் முறை, 1963லேயே வந்தது. தொடக்கமே மணிக்கு 2.7 கிலோமீட்டர்தான், கோயில் பிராகாரம் சுற்றுகிற வேகம். ஆனால் ஏற்றம் 10 சதவீதம். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டையும் கூட்டுவார்கள். "ஆமை வேகத்துல நடக்கவிட்டே மூச்சு வாங்க வெச்சுட்டாங்க" என்று அப்பா புலம்பினாரே, அது ஏற்றத்தின் வேலை. நீ ஒன்று, இரண்டில் ஆரம்பி. இரண்டு வாரத்துக்கு ஒரு புள்ளி ஏற்றினால் போதும். முட்டியும் தப்பிக்கும், கீழ் வீட்டுக்காரர் தூக்கமும் தப்பிக்கும். அவருக்காக மெஷினுக்கு அடியில் ஒரு ரப்பர் மேட்டும் போட்டுவிடு.

ரீல்ஸில் 12-3-30 என்று ஒன்று சுற்றுகிறது. 12 சதவீத ஏற்றம், மணிக்கு மூன்று மைல், முப்பது நிமிடம். புதிதாகத் தொடங்குகிறவளுக்கு அது கெண்டைக்காலையும் குதிகால் நரம்பையும் பதம் பார்த்துவிடும். அதைச் செய்கிறவர்களில் பலர் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டுதான் நடக்கிறார்கள். பிடித்துத் தொங்கினால் உடம்பின் பாரத்தில் ஒரு பங்கு கைக்குப் போய்விடுகிறது, ஏற்றத்துக்கு அர்த்தமே இல்லை. கைப்பிடி ஏற, இறங்க, தடுமாறினால் பிடிக்க. மற்ற நேரம் கையை வீசி நட, குனிந்து காலைப் பார்க்காதே. பிடிக்காமல் நடக்க முடியவில்லை என்றால் ஏற்றத்தைக் குறை. கலோரி என்று மெஷின் காட்டுவது உத்தேசக் கணக்கு, அதை நம்பி பாதுஷா சாப்பிடாதே.

நிறுத்தும்போது அவசரம் வேண்டாம். கடைசி ஐந்து நிமிடம் வேகத்தையும் ஏற்றத்தையும் இறக்கிக்கொண்டே வா. சட்டென்று நின்றால் காலில் இறங்கிய ரத்தம் மேலே வரத் தாமதமாகித் தலை சுற்றும். இறங்கியதும் தரை நகர்வது மாதிரி இருக்கும், பயப்படாதே, அரை நிமிடம் கைப்பிடியைப் பிடித்து நில். நெஞ்சில் இறுக்கம், இடது கை வலி, கண் இருட்டுவது வந்தால் மட்டும் ஐந்து நிமிடக் கணக்கெல்லாம் பார்க்காதே. நிறுத்திவிட்டு உட்கார், அத்தானைக் கூப்பிடு, ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மெஷினுக்கு 16 ஆம்பியர் பிளக் வேண்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகாதே, இன்வெர்ட்டர் லைனும் வேண்டாம். நடுவில் கரன்ட் போனால் இறங்கி, போர்டிலேயே சுவிட்சை அணைத்துவிடு. பெல்ட்டுக்கு அடியில் விரலை விட்டுப் பார், காய்ந்திருந்தால் சிலிக்கோன் ஆயில் விட வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு இதைச் செய். தேங்காய் எண்ணெய் ஊற்றிய ஒரு மகராசியை எனக்குத் தெரியும், பெயர் சொல்ல மாட்டேன்.

கடைசியாக நம் குட்டிப் பையன் விஷயம். பெல்ட்டில் கை வைத்தால் தோல் தீய்ந்துபோகும். 2021இல் அமெரிக்காவில் ஒரு குழந்தை ட்ரெட்மில்லுக்கு அடியில் இழுக்கப்பட்டு இறந்தது, அந்த மாடலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மெஷின்களைத் திரும்பப் பெற்றார்கள். நீ நடக்கும்போது அவன் அந்த ரூமில் இருக்கக் கூடாது, கதவைத் தாழ் போட்டுக்கொள். நடந்து முடித்ததும் பிளக்கைப் பிடுங்கு, சிவப்புச் சாவியை உருவி ஒளித்து வை. அரிசி டின்னுக்குள் வேண்டாம். நீ அங்கேதான் சாக்லேட் ஒளிப்பாய் என்பது அவனுக்குத் தெரியும்.